ராமநாதபுரம் கடற்கரைக்குப் பணிக்கு வரும் புதுக் காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்கிறார்கள். அம்மாவுக்குப் புடவை எடுக்கிறார்கள். இடுப்புக்குச் சாமான் வாங்குகிறார்கள். முதல் காரியத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவதைப் பற்றி நிறைய இருக்கிறது.

நான் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி தொண்டிக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவிலேயே கழிந்தது. இப்போது மாலை வேளைகளில் தேவிப்பட்டினம் கரையில் நிற்கும்போது புதுக் காவலர்கள் கடந்து போவதைப் பார்க்கிறேன். பயிற்சியில் இறுகிய உடம்பு, மடிப்புக் கலையாத காக்கி. இடுப்பில் மட்டும் ஒரு கடைத்தெரு. கறுப்பு நைலான் பெல்ட், அதில் வரிசையாக உறைகள். பாதி உறை காலி. மீதியில் இருப்பதை அவசரத்துக்கு எடுக்கத் தெரியாது. கைப்பேசியில் வரும் விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்கியது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது.

அந்தப் படத்தில் நிற்பவர் அமெரிக்கக் காவலர். காரில் ரோந்து போகிறவர். துப்பாக்கி, தோட்டா உறைகள், மின்னதிர்ச்சிக் கருவி, கைவிலங்கு, வயர்லெஸ், டார்ச் என்று எட்டு ஒன்பது கிலோ வரை அவர் இடுப்பிலேயே தொங்கும். அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகரில் பல்கலைக்கழகத்தாரும் மருத்துவர்களும் காவலர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பாரத்தை இடுப்பிலிருந்து மேலங்கிக்கு மாற்றியதும் இடுப்பு வலியும் முதுகு வலியும் குறைந்தன. அவர்கள் கழற்றத் தொடங்கியதை நாம் காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறோம்.

உங்களில் பெரும்பாலோருக்கு அன்றாடம் துப்பாக்கி கிடையாது. பாராவில் நிற்கும்போதும் வழிக்காவல் போகும்போதும் கைக்கு வரும். வேலை முடிந்ததும் ஆயுத அறைக்குத் திரும்பிவிடும். ஆகவே துப்பாக்கியை நடுவில் வைத்து வடிவமைத்த ஒரு பெல்ட், துப்பாக்கி இல்லாத உங்கள் இடுப்புக்கு எதற்கு? நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து. அமாவாசைக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை. கரை ஒதுங்கிய சடலம். பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டையை இரவில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறவன். படகு ரோந்து. பசும்பொன் தேவர் ஜெயந்திப் பந்தோபஸ்தில் பொழுதெல்லாம் வெயிலில் நிற்பது. இந்த வேலைகளுக்கு எது கைக்கு எட்ட வேண்டுமோ அது இடுப்பில் இருக்கட்டும். மற்றது பெட்டியில் கிடக்கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீருடையோடு துறை கொடுத்த பெல்ட்டையும் பக்கிளையும் மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் விருப்பத்துக்கு விட்டிருப்பது கொஞ்சம்தான்: உறைகள், டார்ச், முதலுதவிப் பை, இப்படிச் சில. அதையும் வாங்குவதற்கு முன் ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரோல் காலில் எல்லார் முன்னாலும் கழற்றச் சொன்னால் காசும் போகும், முகமும் போகும்.

இனி உப்பு. இந்த மாவட்டத்துக் கடற்கரை 230 கிலோமீட்டருக்கும் அதிகம். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் உப்புக் காற்றுதான். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டு, மேலே தனிப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தப் பாடு என்றால் மலிவு விலைக் கொக்கி எத்தனை நாள் தாங்கும்?

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். கடைக்காரர் பித்தளை என்று சொல்லும் கொக்கியில் காந்தம் கப்பென்று ஒட்டினால், அது இரும்புக்கு மேலே பூசிய மஞ்சள் மினுக்கு. ஒரே மழைக்காலத்தில் பூச்சு உரிந்து, காக்கியில் செம்பழுப்புக் கறை இறங்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. அசல் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏறத்தான் செய்யும். ஆனால் களிம்பைத் தேய்த்து எடுத்துவிடலாம். துரு உள்ளே தின்றுகொண்டே போகும். துருப்பிடிக்காத எஃகு என்றால் தரம் கேளுங்கள். 304 என்பது ஊருக்குள் போதும். கடலில் நிற்பது 316. அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. படகுச் சாமான் விற்கும் கடைகளில் அந்தத் தரத்தில் வளையமும் கொக்கியும் கேட்டுப் பாருங்கள். இதில் யாரை நம்புவது என்று தெரியாவிட்டால், உங்களோடு படகில் வரும் ஊர்க்காவல் படை மீனவத் தம்பிகளைக் கேளுங்கள். எந்த உலோகம் எத்தனை மாதம் தாங்கும் என்பதில் அவர்கள் எந்தக் கடைக்காரரையும்விடத் தெளிவானவர்கள்.

தோலா நைலானா என்று கேட்டால், அணிவகுப்புக்குத் தோல், கரைக்கு நைலான். தோல் உப்புநீரைக் குடித்து, காயும்போது விறைத்து, மடிப்பில் வெடிக்கும். அதைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். தோல் தொய்ந்து போவதோடு பூஞ்சையும் வந்து சேரும். நனைந்தால் நிழலில் காயவைத்துப் பாலிஷ் போடுங்கள். நைலானை உப்பு அரிக்காது. ஆனால் நெசவுக்குள் உப்பு மணிமணியாகக் காய்ந்து, இடுப்பு எலும்பு இருக்கும் இடத்தைத் தோலுரித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

வெல்குரோ மூடி போட்ட உறைகளை மட்டும் வாங்கவே வேண்டாம். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையே மணலுக்குள் போய்விடுகிறது. அந்த மணலும் சவுக்கு இலையும் அதன் முள்ளுக்குள் ஏறிவிட்டால் மூடி பிடிக்காது. ஓடும்போது உள்ளே இருப்பது கீழே விழும். அதைவிட மோசம் அதன் சத்தம். இரவு இரண்டு மணிக்கு ஒரு தோப்பு ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். டார்ச் எடுக்க மூடியை இழுக்கிறீர்கள். சர்ரென்று ஒரு சத்தம். கரையில் மூட்டை இறக்குகிறவனுக்கு அதைவிட நல்ல எச்சரிக்கை வேண்டியதில்லை. பித்தளையில் செய்த பிரஸ் பட்டன், அல்லது மூடியே இல்லாத ஆழமான உறை, இரண்டில் ஒன்று போதும். சாவிக் கொத்தையும் ஒரு சின்னத் துணிப்பைக்குள் போட்டுக் கட்டுங்கள். நடக்கும்போது குலுங்கும் சாவி, வருவது யார் என்று ஊருக்கே சொல்லிவிடும்.

வெளிநாட்டுக்காரர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கமும் உண்டு. அவர்கள் இரண்டு பெல்ட் கட்டுகிறார்கள். கால்சட்டையின் வளையங்களுக்குள் ஒன்றரை அங்குல அகலத்தில் உள் பெல்ட். அதற்கு மேலே இரண்டேகால் அங்குலத்தில் வெளி பெல்ட். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நாலு சின்னப் பட்டைகள். சாமான் எல்லாம் வெளி பெல்ட்டில். அதைக் கழற்றினால் கால்சட்டை நழுவாது. படகில் ஏறுகிற நமக்கு இதுதான் முக்கியம். துறை பெல்ட்டை மாற்றாமல், ஆய்வாளர் சம்மதித்தால் நீங்களும் இப்படிக் கட்டுங்கள்.

ரோந்துப் படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அதன் வார்மேல் பெல்ட் கட்டிக்கொள்ளாதீர்கள். கரையில் தெரியாத எடை கடலில் விழுந்த உடனே தெரியும். வெளி பெல்ட்டின் கொக்கி ஒரே கையால், கண் பார்க்காமல், ஈர விரலால் கழற்ற வருகிறதா என்று தரையிலேயே பழகுங்கள். இடது கையாலும் பழகுங்கள். வலது கை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். துருத்திக்கொண்டு நிற்கும் வளையம், கயிறு, கொக்கி எதுவானாலும் வலையில் மாட்டும். படகுக்கும் படகுக்கும் தாவும்போது வலை இருக்கும் இடத்தில்தான் கால் வைப்பீர்கள். முடிந்தால் படகில் இருக்கும் நேரம் முழுவதும் வெளி பெல்ட்டைக் கழற்றி, நீர் புகாத பையில் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். டார்ச், விசில், கத்தி மூன்றும் லைஃப் ஜாக்கெட்டில் இருந்தால் போதும். கத்தி என்று சொல்வது கூர்முனைக் கத்தியை அல்ல. முனை மழுங்கி, பல் வைத்த கயிறறுக்கும் கத்தி. வலையில் சிக்கிய காலையும் அதில் விடுவிக்கலாம். சாலையில் கவிழ்ந்த காரின் சீட் பெல்ட்டையும் அறுக்கலாம்.

தரையில் வேலை செய்யும்போது எதை எங்கே மாட்டுவது? தொப்புள் 12 மணி என்றால் 5 முதல் 7 வரை உள்ள இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே முதுகெலும்பு இருக்கிறது. கைவிலங்கை நடுமுதுகில் செருகிக்கொள்வது நம் பழைய வழக்கம். மல்லாந்து விழுந்தால் இரும்பின் மேல் முதுகெலும்பு விழும். ஜீப்பில் உட்கார்ந்து சாயல்குடி வரை போய்வந்தாலே அது முதுகைக் குத்தும். வலக்கைக்காரர்கள் வயர்லெஸை இடப்பக்கம் வையுங்கள். மைக்கில் பேசும்போது வலது கை சும்மா இருக்க வேண்டும். குனிந்து, குந்தி உட்கார்ந்து, பைக்கில் ஏறி இறங்கிப் பாருங்கள். எது இடிக்கிறதோ அதை நகர்த்துங்கள். ஒருமுறை இடம் முடிவான பிறகு மாற்றவே மாற்றாதீர்கள். இருட்டில் தேடுவது கண் இல்லை, கை.

டார்ச்சில் வெளிச்சத்தைவிட, தண்ணீர் தாங்கும் எண்ணைப் பாருங்கள். 'வாட்டர் ப்ரூஃப்' என்று அட்டையில் எழுதியிருப்பதற்கு ஒரு பொருளும் இல்லை. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அந்தச் சோதனையை நல்ல தண்ணீரில் செய்கிறார்கள். உப்புத்தண்ணீர் பட்டால் அன்றே அலசித் துடைத்து வைப்பது உங்கள் பொறுப்பு. கடலுக்கே போகாதவர்களுக்கும் இது வேண்டும். ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக இறைத்துப் பக்தர்கள் தலையில் ஊற்றுகிறார்கள். அங்கே பணியில் நிற்கிற உங்கள் மேலும் அது விழும். குறிப்பேட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். ஜெல் பேனா வேண்டாம். ஒரு சொட்டில் கரைந்துவிடும். பால்பாயிண்ட் போதும்.

2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் ஒலி ஒளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆக, இன்றைக்கு உங்கள் இடுப்பில் இருக்கும் மிகப் பெரிய சட்டக் கருவி கைப்பேசிதான். அதற்கு நீர் புகாத உறையும் ஒரு சின்னப் பவர் பேங்கும் இல்லாமல் இரவுப் பணிக்குப் போகாதீர்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைப் பக்கம் வந்து சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க அங்கே யாரும் இல்லை. அதே சட்டத்தின் 36-ஆவது பிரிவு, கைது செய்கிற காவலரின் பெயர் தெளிவாக வெளியே தெரிய வேண்டும் என்கிறது. மழைக்கோட்டும் லைஃப் ஜாக்கெட்டும் பெயர்ப்பட்டையை மறைத்துவிடும். இரண்டாவதாக ஒரு பெயர்ப்பட்டை செய்து மேலே குத்திக்கொள்ளுங்கள்; பெரிய செலவில்லை.

கைவிலங்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இடுப்பில் மின்னும் விலங்கைக் காட்டிக்கொள்வதில் புதுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை இருக்கிறது. பிடித்தவனுக்கெல்லாம் விலங்கு மாட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் சொல்லிவிட்டது. இப்போது அந்தப் புதுச் சட்டத்தின் 43-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, எந்த வகைக் குற்றங்களில் மாட்டலாம் என்று பட்டியல் தருகிறது: தொடர்ந்து குற்றம் செய்கிறவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை, போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், மனித வணிகம் என்று போகும். அதிலும் குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் பார்த்துத்தான். கஞ்சா மூட்டையோடு பிடிபட்டவன் அந்தப் பட்டியலுக்குள் வருவான். நூறு ரூபாய் கூலிக்குக் கடல் அட்டை மூட்டையைத் தூக்கி முதல்முறையாகச் சிக்கிய ஆள், அந்த ஒரே காரணத்தால் அதற்குள் வந்துவிடமாட்டான். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, குற்றம் பெரியதுதான். ஆனால் குற்றம் வேறு, கைவிலங்கு வேறு. மாட்டினால் ஏன் மாட்டினீர்கள் என்பதை எழுதி வையுங்கள், நீதிபதி கேட்பார். படகில் ஏற்றும்போது, விலங்கு போட்ட ஆளுக்கு லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள். படகு கவிழ்ந்தால் அவருக்கு நீந்தக் கை இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சாவி இரண்டு வேண்டும்: ஒன்று உங்களிடம், ஒன்று உடன் வருகிறவரிடம். விலங்கின் பல்சக்கரத்தில் மணல் ஏறினால் பூட்டும், திறக்காது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

மிளகுத் தெளிப்பானைப் பற்றி ஒரே வரி: அதை அடிப்பதற்கு முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள், இங்கே அது எப்போதும் அடிக்கிறது.

முதலுதவிப் பையில் நிறையத் திணிக்க வேண்டாம். கையுறை இரண்டு ஜோடி, அழுத்திக் கட்டும் பஞ்சுத்துணி, ஒரு டூர்னிக்கே. கையுறை எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் கரை ஒதுங்கிய சடலத்தைத் தூக்கியிருக்கமாட்டார்கள். டூர்னிக்கே என்பது கைகாலில் பீறிடும் இரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 108 வந்து சேரும்வரை ஓர் உயிரைப் பிடித்து வைப்பதற்கு இதைவிடச் சின்னக் கருவி இல்லை. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல் கட்டி, இரத்தம் நிற்கும்வரை திருகி, கட்டிய நேரத்தைப் பெரிதாக எழுதுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் போலிகளில் திருகுகோல் கையோடு முறிந்து வந்துவிடும். மருத்துவமனையில் யாரையாவது கேட்டு வாங்குங்கள். பாம்பு கடித்தவருக்கு மட்டும் இதைக் கட்டாதீர்கள். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதனால் காலையே இழந்தவர்கள் உண்டு. அசையவிடாமல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம்.

தண்ணீர் பாட்டிலை நான் பெல்ட்டின் முக்கியச் சாமானாகவே சேர்ப்பேன். அரை லிட்டர், அரைக் கிலோ. அந்த எடைக்கு இடம் விடுங்கள். பந்தோபஸ்தில் உங்களுக்கு வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2022 மார்ச்சிலிருந்து, இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல், குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள். படகோட்டிகள் இருட்டில் அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். விடிந்ததும் வெயில், சுற்றிலும் உப்புத்தண்ணீர். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் போகும் காவலரின் கை பெல்ட்டில் முதலில் எதைத் தொட வேண்டும்? விசாரணை, பெயர், ஊர், மண்டபம் அகதிகள் முகாம் எல்லாம் பிறகு. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு அந்தப் பாட்டிலோடு சேர்த்துச் செருகி வையுங்கள்.

தங்கைகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. கடையில் தொங்கும் பெல்ட்டுகள் ஆண் இடுப்பை அளந்து செய்தவை. உங்கள் இடுப்பெலும்பின் வளைவில் நேரான பட்டை உட்காராது. மேலே ஏறி விலாவில் இடிக்கும், அல்லது ஒரே பக்கத்தை அழுத்தும். சுற்றளவு குறைவு என்பதால் உறைகளுக்கு இடமும் குறைவு. வளைவாக வெட்டிய பெல்ட் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெளி பெல்ட்டை இடுப்பெலும்பைத் தாண்டி உயரே கட்டாமல் அந்த எலும்பின்மீதே உட்காரவைத்து, பாதிச் சாமானை மேலங்கிப் பைக்கு மாற்றுங்கள். கழிப்பறை கிடைக்காத பந்தோபஸ்தில் இரண்டு பெல்ட்டையும் கழற்றி மாட்டுவது எத்தனை பாடு என்று ஆண் அதிகாரிகள் யோசித்ததில்லை. எங்கள் தலைமுறைப் பெண் காவலர்கள் அதைச் சொல்லாமலேயே ஓய்வு பெற்றுவிட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது? வாய்ச்சொல்லாக வேண்டாம். ரோல் காலில் முணுமுணுத்தால் அங்கேயே கரைந்துவிடும். ஆய்வாளர் வழியாக எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். எந்தப் பொருள், எந்தத் தேதியில் கொடுத்தது, எந்தப் பணியில் என்ன ஆயிற்று, துருவா, வெடிப்பா, அளவு பொருந்தவில்லையா, படத்தோடு. கரையோர நிலையங்களுக்குப் பித்தளைக்குப் பதிலாக 316 எஃகுக் கொக்கி வேண்டும், பெண்களுக்கு வளைவு பெல்ட் வேண்டும், ஆளுக்கு ஒரு டூர்னிக்கே வேண்டும் என்று பத்து நிலையங்களிலிருந்து ஒரே கோரிக்கை போனால், கொள்முதல் கோப்பில் ஒரு வரியாவது மாறும். மனுவின் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் அறையில் உப்புக் காற்று இரும்பை மட்டும் தின்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர்,
தேவிப்பட்டினம்